ஆல் முளைத்த அறை

கோடை விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த முதல் திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, எழுத்து உதவி மையத்தின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு பெயர் முளைத்தது. "மின்விசிறி பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டுள்ளது" என்று ஏப்ரல் மாதத்திலிருந்து அந்தக் காகிதம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று, பேருந்து இருக்கையில் இருவர் ஒடுங்கி மூன்றாமவருக்கு இடம் விடுவதுபோல அதன் சொற்கள் இருபுறமும் கொஞ்சம் நகர்ந்துகொண்டன. நடுவே, அதே தட்டச்சு எழுத்தில், அதே மங்கிய மையில், "துணைப் பதிவாளர் குருசாமியால்" என்று வந்து உட்கார்ந்தது.

மையத்தில் வேலை செய்தவர்கள் மூன்று பேர். அவர்களில் யாரும் அலறவில்லை. கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆமா, அவரு வீட்டு மாடியிலதான் சுத்துது. அங்கயும் நாந்தானே கூட்டுதேன்" என்றாள்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நீங்க எங்க கேட்டீங்க?"

ஜெசிந்தா அந்த மையத்தில் பதினோரு ஆண்டுகளாகத் திருத்துநர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளுக்கு ஒரு உத்தரவு வரும், "தற்காலிகமாக நியமிக்கப்படுகிறார்" என்று. இருபத்திரண்டு முறை நியமிக்கப்பட்டும் நியமிப்பது யார் என்று அவள் கேட்டதில்லை. மாணவர்கள் அவளைப் பென்சில் மேடம் என்றார்கள். ஆய்வேடு, விண்ணப்பம், முன்னேற்ற அறிக்கை, மன்னிப்புக் கடிதம் என எதைக் கொண்டுவந்தாலும் காதில் செருகிய பென்சிலை எடுத்து முதல் வேலையாக "நான்" என்ற சொல்லைத் தேடித் தேடி அடிப்பாள். "நீ யாருன்னு யாருக்கும் தேவையில்ல. என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லு" என்பாள். செய்தேன் என்பது செய்யப்பட்டது ஆகும், பார்த்தேன் என்பது காணப்பட்டது ஆகும். பிள்ளைகள் தங்களுக்கே அடையாளம் தெரியாத தங்கள் காகிதத்தை மரியாதையோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

மூன்றாமவர் இசக்கிமுத்து. தமிழில் முனைவர், பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் காகிதத்தை ஆராய்ந்தார்.

"தோன்றா எழுவாய் தோன்றிட்டு, இல்லையா அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா.

"அதெப்படி எழுவாய் ஆகும்? செயப்பாட்டு வினையில செய்தவன் மூணாம் வேற்றுமைல்லா. ஆல் உருபு. ஆல்தான்மா முளைச்சிருக்கு." அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சுவத்துல ஆல் முளைச்சா என்ன ஆகும் தெரியும்லா?"

"என்ன ஆகும்?"

"முதல்ல ஒரு இலைதான் தெரியும். அப்புறம் சுவரைத் தேடணும்."

மறுநாள் மின்விசிறி திரும்பி வந்தது. கொண்டுவந்து மாட்டியவர்கள் யார் அனுப்பியது என்று சொல்லவில்லை. பேச்சியம்மாள் இறக்கையில் இருந்த தூசியைப் பார்த்து, அது மாடிவீட்டுத் தூசிதான் என்று உறுதி செய்தாள்.

செய்தி பரவியது. அறையின் வழக்கமும் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பிடிபட்டது. செய்தவர் பெயரில்லாமல் எழுதிய எந்தக் காகிதத்தையும் அந்த அறைக்குள் கொண்டுவந்து அரை மணி நேரம் வைத்தால் போதும், பெயர் முளைக்கும். கையெழுத்தானால் கையெழுத்தில், அச்சானால் அச்சில், குறுஞ்செய்தியைக் காட்டினால் மட்டும் ஒன்றும் ஆகாது, காகிதம் வேண்டும். விடுதி மாணவர்கள் வந்தார்கள், ஆய்வாளர்கள் வந்தார்கள், தேர்வில் தவறியவர்கள் வாசலில் இருந்து கருவேல மரம்வரை வரிசையாக நின்றார்கள். வரிசை நின்ற இடத்துக்குத் தேநீர்க் கடையே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. மறுமதிப்பீடு கேட்டு "நிராகரிக்கப்பட்டது" என்று பதில் வாங்கியிருந்த நாற்பத்தோரு பேருடைய காகிதங்களிலும் ஒரே மாதிரி, "யாராலும் படிக்கப்படாமல் நிராகரிக்கப்பட்டது" என்று வந்தபோது, அந்த நாற்பத்தோரு பேரும் கத்தவில்லை. வரிசையை விட்டு இறங்கித் தேர்வுத் துறையின் படிகளில் போய் உட்கார்ந்தார்கள், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

ஊர்க்காரர்களும் வந்தார்கள். வளாகத்துக்காக முப்பது வருடம் முன் நிலம் போன ஒரு குடும்பத்துப் பெண், "கையகப்படுத்தப்பட்டது" என்று மஞ்சளேறிக் கிடந்த தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, முளைத்த பெயரைப் படித்து, அதை மீண்டும் உறையில் போட்டுக்கொண்டு, "இவுக வீட்டுக் கல்யாணத்துக்கா நான் போன மாசம் மாவு இடிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தங்கையின் கல்யாணப் பத்திரிகையை ஒருத்தி கொண்டுவந்தாள். "பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு" என்ற இடத்தில் பெரியோர்கள் மெல்ல மங்கிப்போய், "தாய்மாமன் சங்கரலிங்கத்தால்" என்று தெளிந்தது. அன்றிலிருந்து நகரத்து அச்சகங்கள் அந்த வரியை எடுத்துவிட்டுப் பூங்கொத்துப் படம் போட ஆரம்பித்தன.

பழகிப்போனார்கள். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, "கொட்டிப்போச்சு" என்று யாரும் சொல்வதில்லை. "கொட்டிட்டேன்" என்றார்கள், எதற்கு வம்பு என்று.

பழகாதது நிர்வாகக் கட்டடம் மட்டும்தான். முதலில் அவர்கள் வினைச்சொல்லையே விட்டார்கள். சுற்றறிக்கைகள் எல்லாம் தந்திபோலச் சுருங்கின. "நூலக நேரம் குறைப்பு." "பேருந்து ரத்து." "விடுதி உணவு மாற்றம்." அறையில் வைத்தபோது அந்தப் பெயர்ச்சொற்களுக்கு முன்னாலும் பெயர்கள் வந்து நின்றன. பிறகு தாங்களே முந்திக்கொண்டு "நிர்வாகத்தால்" என்று அந்த இடத்தை அடைத்து அனுப்பினார்கள்; அரை மணி நேரத்தில் நிர்வாகம் காய்ந்த பக்குபோல உதிர்ந்து, அடியில் நாலைந்து பெயர்கள், பதவியோடு. ஆசிரியர் சங்கம் கூடி, மையத்தின் போக்கு வன்மையாகக் கண்டிக்கப்படுகிறது என்று தீர்மானம் போட்டது. அதன் நகலில் ஆறு பேர்தான் முளைத்தார்கள், மற்ற எழுபது பேர் மிக்சர் சாப்பிட வந்தவர்கள்.

கடைசியாக வாய்மொழி உத்தரவு வந்தது. எழுத்து உதவி மையத்துக்குள் இனிக் காகிதம் கொண்டுபோகக் கூடாது. மையம் வாய்மொழியாகவே எழுத்து உதவி வழங்கும். அந்த அறையில் வைத்த எந்தத் தாளும் பல்கலைக்கழகத்தில் சான்றாக ஏற்கப்படாது. இதை எழுதித்தரக் கேட்டார் இசக்கிமுத்து. குருசாமி தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஜெசிந்தாவுக்கு இந்த இரண்டு மாதமும் உடம்பில் ஒரு சூடு இருந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் காகிதத்திலும் பெயர் வரும்போது அவள் வாய்விட்டுப் படித்தாள், சில பெயர்களை இரண்டு முறை படித்தாள், "திருட்டுப் பயக, ஒளிஞ்சிருக்க இடம் பாத்தியா, வினைச்சொல்லுக்குப் பின்னால" என்று மாலையில் வீட்டுக்குப் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள். தன் கையும் அந்த இடத்தைக் கட்டிக்கொடுத்த கை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கொத்தனாருக்குத் தான் கட்டிய வீட்டில் குடியிருப்பவனைப் பற்றித் தெரியாததுபோலத்தான் அதுவும்.

செண்பகவல்லி அதற்குப் பிறகுதான் வந்தாள்.

வேதியியல் துறையில் நான்காம் ஆண்டு ஆய்வாளர். மார்ச் மாதம் ஆய்வகத்தில் குடுவை வெடித்து இடது கண் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. விஷப்புகையை வெளியே இழுக்க வேண்டிய புகைபோக்கி ஓராண்டாக ஓடவில்லை. பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்திருந்தது. அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தாமோதரன் குழுமுன் சொன்னதன் சுருக்கம் இது: புகைபோக்கி ஓடவில்லை என்று எச்சரித்தேன், அந்தப் பெண் கேட்கவில்லை. எழுத்தில் சான்று உண்டா என்று கேட்டதற்கு, அவளுடைய அரையாண்டு அறிக்கையையே எடுத்து நீட்டினாராம்.

"கவனக்குறைவுன்னு எழுதி என் பதிவை ரத்து பண்ணப் போறாங்க மேடம்" என்றாள் செண்பகவல்லி. "நாலு வருஷம். கண்ணு போனது போகட்டும், நானே போக்கிக்கிட்டேன்னு எழுதக் கூடாதுல்ல?"

துப்பட்டாவுக்குள் மடித்து வைத்திருந்த நகலை எடுத்தாள். காகிதம் கூடாது என்ற உத்தரவு பேச்சியம்மாளுக்குத் தெரியும். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள்.

ஏழாம் பக்கம். "புகைபோக்கியின் இயக்கத்தில் குறைபாடு உணரப்பட்டது, அது உரியவர் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டது, பணி தொடரப்பட்டது."

"உணர்ந்தது நான்தான், கவனத்துக்குக் கொண்டுபோனது நான்தான், பணியைத் தொடர்ந்தது மட்டும் இந்தப் பொண்ணுங்கிறாரு" என்றாள் செண்பகவல்லி. "மூணு வினை, ரெண்டை அவர் எடுத்துக்கிட்டு ஒண்ணை எனக்குக் குடுத்துட்டாரு."

"பங்கு பிரிக்கதுல மன்னன்" என்றார் இசக்கிமுத்து.

அரை மணி நேரம் நால்வரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொற்கள் ஒடுங்கின. செண்பகவல்லியால் உணரப்பட்டது, செண்பகவல்லியால் கொண்டுவரப்பட்டது, பேராசிரியர் தாமோதரனின் கட்டளையால் தொடரப்பட்டது. ஜெசிந்தா கையைத் தட்டி, "வந்தான் பாரு!" என்றாள். அப்போதுதான் பக்கத்தின் அடியில் இருந்த ஊதா முத்திரை அசைந்தது. "எழுத்து உதவி மையத்தில் திருத்தப்பட்டது" என்ற மையத்தின் முத்திரை. பதினோரு ஆண்டாக ஒவ்வொரு பக்கத்திலும் அவள் அழுத்திய முத்திரை. அதன் வட்டம் ஒரு பக்கம் புடைத்து, நடுவில் ஊதா மையில் இடம் விட்டது. ஜெசிந்தாவால்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் வேற மாதிரிதான் எழுதியிருந்தேன் மேடம்" என்றாள் செண்பகவல்லி, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், வழி சொல்லும் குரலில். "புகைபோக்கி ஓடவில்லை என்று நான் பேராசிரியரிடம் மூன்று முறை சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார் என்று அவர் சொன்னார். ரெண்டு வாக்கியம். மூக்கைப் படிச்சுட்டு நீங்க சிரிச்சீங்க. இந்தச் சாருக்கும் படிச்சுக் காட்டுனீங்க."

ஜெசிந்தாவுக்கு நினைவிருந்தது. இது அறிக்கையா, குழாயடிச் சண்டையா என்று கேட்டதும் நினைவிருந்தது. பென்சில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதுவரை நினைவிருந்தது.

"நீ ஏன்மா அப்பவே வேண்டாம்னு சொல்லல?"

"எனக்குப் பிடிக்கலை மேடம். ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

முளைத்த தாளைக் குழு வாங்க மறுத்துவிட்டது. வளாகத்தில் உள்ள எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள், தேநீர்க் கடைக்காரர் ஒரு நகல் எடுத்து வண்டியில் ஒட்டியிருந்தார், தாமோதரன் கடந்துபோகும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்; ஆனால் குழு அதைத் தொடவில்லை. ஒரு அறை சாட்சி சொல்ல முடியாது என்றார் குழுத் தலைவர். அவர் சொன்னதில் தவறில்லை. சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

"அடுத்த மாசம் உனக்கு உத்தரவு புதுப்பிக்கணும்லா?" என்றார் இசக்கிமுத்து. "போகாதேன்னு சொல்லல. தெரிஞ்சு போ."

"உங்களுக்கும் படிச்சுக் காட்டுனேனே அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிரிச்சேன்" என்றார். "நானும் வாரேன்."

நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குழு உட்கார்ந்திருந்தது. அங்கே ஆல் முளைப்பதில்லை. சுவர்களுக்கு அந்த ஆண்டுதான் வெள்ளையடித்திருந்தார்கள். தலைவர் நடுவில், குழுவின் செயலராகக் குருசாமி ஓரத்தில், அவருக்குப் பக்கத்தில் கணினியோடு ஒரு தட்டச்சுக்காரி. எதிர் நாற்காலியில் தாமோதரன் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

"இந்த ஏழாம் பக்கத்துல ரெண்டு வாக்கியம் இருந்தது சார். செண்பகவல்லி தன் கையால எழுதினது. அதை நான் நீக்கினேன்." இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். மூக்கு வந்த இடத்தில் தாமோதரன் காலை இறக்கினார்.

குருசாமி தட்டச்சுக்காரி பக்கம் திரும்பினார். "போடும்மா. அறிக்கையில் இரு வாக்கியங்கள் நீக்கப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது."

"சார், நான் நீக்கினேன்னு சொன்னேன்."

"அதேதான் மேடம் போட்டிருக்கு. அர்த்தம் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்ல."

அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அவள் போடவில்லை. "திருத்துநரால் நீக்கப்பட்டதாக" என்று மாற்றி நீட்டினார்கள். அவள் போடவில்லை. "சாட்சியின் கூற்றுப்படி நீக்கம் நிகழ்ந்தது" என்று மூன்றாவது தாள் வந்தது. அதை வாங்கிப் பார்த்து இசக்கிமுத்து, "மழையா பெஞ்சுது, தானா நிகழ?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார் குருசாமி. "உங்களை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிடப்படல. நானா வந்தேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பொறுமைசாலி, பொறுமை அவருக்கு அதுவரை நன்றாகவே உதவியிருந்தது. "அம்மா, அலுவலக நடை இப்படித்தான். மையத்துல பசங்களுக்கு நீங்க சொல்லிக்கொடுக்கறதும் இதைத்தானே?"

"ஆமா சார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

ஜெசிந்தா ஏழாம் பக்கத்தின்மேல் விரலை வைத்தாள். "பதினோரு வருஷமா நான் அடிச்ச நானெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது சார். இந்த ஒண்ணு எங்க போச்சுன்னு தெரியும். இந்தப் பொண்ணு மூணு தடவை வாயைத் திறந்து சொன்னா. நான் அந்த வாயை எடுத்துட்டுப் பொதுவா ஒரு இடம் விட்டேன். அந்த இடத்துலதான் இவர் வந்து உக்காந்திருக்கார். எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"இது அவமதிப்பு!" என்று தாமோதரன் எழுந்தார். எழுந்துவிட்டோம் என்பது தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

தட்டச்சுக்காரி அவ்வளவு நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருசாமி ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் விரல்கள் ஓடின. அச்சு இயந்திரம் நான்காவது தாளைத் தள்ளியது. "அந்த இரண்டு வாக்கியங்களை எழுதியவர் செண்பகவல்லி. அவற்றை நான் நீக்கினேன். நான் செய்தது தவறு." கடைசி வாக்கியத்தை ஜெசிந்தா சொல்லியிருக்கவில்லை. படித்துப் பார்த்து, சரிதான் என்று கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சியாக இசக்கிமுத்து, "நான் சிரித்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

செண்பகவல்லியின் பதிவை ரத்து செய்யும் உத்தரவு வரவில்லை. வேறு நெறியாளர் தந்தார்கள். தாமோதரன்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்பவர்களுக்கு: அவர் இப்போது வளாகப் பாதுகாப்புப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர், அந்தப் பிரிவுக்கென்று தனி அறையும் புது மேசையும் உண்டு. அவரை அங்கே உட்கார்த்தியவர் யார் என்பதைக் காட்டும் காகிதத்தை இன்னும் யாரும் கைப்பற்றவில்லை. அது இரும்பு அலமாரியில் இருக்கிறது.

ஜெசிந்தாவின் காகிதம் மட்டும் தாமதமில்லாமல் வந்தது. கொண்டுவந்த ஊழியர் வாசற்படிக்கு வெளியே நின்று, "மேடம், உள்ள கொண்டுவரக் கூடாதாம். நீங்க வெளிய வந்து வாங்கிக்கங்க" என்றார். "ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை" என்று ஒரே வரி.

"உள்ள கொண்டாம்மா, யாருன்னு பாத்துருவோம்" என்றார் இசக்கிமுத்து.

"எதுக்கு அண்ணாச்சி? தெரியாத ஆளா?" அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, அந்த வரியில் விட்டுப்போன பெயரைத் தானே எழுதிச் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கான நகலிலும் சேர்த்து, ஊழியரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அவளுடைய கடைசி நாளில், மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, செண்பகவல்லி புதிய அறிக்கையோடு வந்தாள். மடங்காத விரல்களால் எழுதிய கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதல் சொல் "நான்". முதல் பக்கத்தில் மட்டும் பதினான்கு "நான்" இருந்தன. ஜெசிந்தா பென்சிலை எடுத்தாள். செண்பகவல்லி அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்தாள். முத்திரையைத் தேடிய பேச்சியம்மாளிடம் வேண்டாம் என்றாள். அடியில், "ஓர் ஒற்று சேர்த்தேன். வேறெதையும் தொடவில்லை. ஜெசிந்தா" என்று எழுதினாள்.

மாலை நான்கரை மணிவரை அந்த அறிக்கை அங்கேயே, மின்விசிறிக்கு அடியில், மேசைமேல் இருந்தது. செண்பகவல்லியும் வாசலில் காத்திருந்தாள். எதுவும் முளைக்கவில்லை, முளைக்க அதில் இடம் இல்லை.